மீட்பு நிலையிலிருந்து மீளும்போது

மும்பையில் வாழும் நமக்கு 'மெகா பிளாக்' என்னும் சொல்லை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாட்டுங்காவுக்கும் முலுண்டுக்கும் இடையே விரைவுப் பாதையை மூடிவிடுவார்கள். துறைமுகப் பாதையை மூடினாலோ செம்பூர்வாசிகளின் பாடு திண்டாட்டந்தான். தண்டவாளத்தையும் மின்கம்பியையும் பழுதுபார்ப்பதற்காகச் சில மணி நேரம் வண்டிகளை நிறுத்திவைக்கிறார்கள். வேலை முடிந்தது என்றவுடனே வண்டியை விட்டுவிடுவார்களா? மாட்டார்கள். ஆட்கள் எல்லாரும் பாதையை விட்டு விலகிவிட்டார்களா, கடப்பாரையோ தள்ளுவண்டியோ தண்டவாளத்தின்மேல் கிடக்கிறதா என்று பார்த்த பின்னரே பாதையைத் திறப்பார்கள். ஒரு தள்ளுவண்டி நின்றாலும் போதும். பழுதுபார்த்த பயனெல்லாம் பாழாகிவிடும்.

கணினிக்கும் இத்தகைய மெகா பிளாக் ஒன்று உண்டு. அதற்கு மீட்பு நிலை என்று பெயர். ஆங்கிலத்தில் 'ரெஸ்க்யூ மோடு' என்பர். அந்த நிலைக்குள் நுழைவது எப்படி என்பதைச் சொல்லித்தருவோர் பலர். அதைவிட்டு வெளியேறும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்லித்தருவோர் சிலரே. நாம் கையால் தொடங்கிய வேலைகள் சில, நாம் வெளியேறிய பின்னும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அவற்றை என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். கல்லூரிக் கூடத்திலோ, விடுதியிலோ, படிப்பகத்திலோ ஒரு லினக்ஸ் கணினியைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு நம்மில் பலருக்கு வந்து சேர்கிறது. அவர்களை மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறேன்.

ஒன்றன்பின் ஒன்றாக ஓடிய காலம்

பழைய கணினிகளில் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. நம் நகரத்து டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960ஆம் ஆண்டில் முழு அளவில் இயங்கத் தொடங்கிய கணினியை எடுத்துக்கொள்வோம். சென்னையில் பிறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற ஆர். நரசிம்மன் அவர்களின் தலைமையில் உருவான இயந்திரம் அது. 1962ஆம் ஆண்டில் நேரு அவர்கள் அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார். வெற்றிடக் குழாய்களால் ஆன அந்த இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரு கணக்கைத்தான் செய்யும். ஒருவருடைய கணக்கு முடிந்த பிறகே அடுத்தவருடைய கணக்கு உள்ளே போகும். முன்னவர் விட்டுச்சென்ற வேலை பின்னவர் வேலையோடு மோதுவதற்கு வழியில்லை.

இன்றோ நம் மேசைமேல் இருக்கும் எளிய கணினியிலும் ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான வேலைகள் ஓடுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பிராசஸ் என்று சொல்கிறோம். ஒரு பிராசஸ் இன்னொன்றைப் பெறும். அது வேறொன்றைப் பெறும். குடும்பம் பெருகப் பெருக, யார் யாருடைய பிள்ளை என்று கணக்கு வைத்துக்கொள்வது இன்றியமையாததாகிறது.

மீட்பு நிலை என்பது யாது?

கணினியை முடுக்கியதும் முதலில் விழிப்பது கெர்னல். அது வன்பொருள்களைக் கணக்கெடுத்துக்கொண்டு, முதற் பிராசஸைத் தொடங்கிவைக்கிறது. ஒவ்வொரு பிராசஸுக்கும் ஓர் எண் உண்டு. இதன் எண் 1. இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இந்த முதலாமவரின் பெயர் சிஸ்டம்டி. லெனார்ட் போட்டரிங், கே சீவர்ஸ் என்னும் இருவர் 2010ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த திட்டம் இது.

சிஸ்டம்டி, பெரிய வீட்டுக் கலியாணத்தில் எல்லாவற்றையும் மேற்பார்க்கும் காரியஸ்தரைப் போன்றது. முதலில் தட்டிலுள்ள கோப்பமைப்புகளை இணைக்கும். பிறகு வலைத்தொடர்பு, அச்சுப்பொறி, தரவுத்தளம் முதலிய சேவைகளை உரிய முறைப்படி தொடங்கும். எது எதற்கு முன்னே, எது எதற்குப் பின்னே என்னும் ஒழுங்கு அதற்குத் தெரியும்.

மீட்பு நிலையில் இந்தக் காரியஸ்தர் பாதியிலேயே நின்றுவிடுகிறார். கோப்பமைப்புகள் இணைக்கப்படும், மற்றச் சேவைகள் தொடங்கப்படமாட்டா. வலையில்லை, பிறர் உள்ளே நுழைய வழியில்லை. ரூட் கடவுச்சொல்லைக் கேட்டு, ஒரு ஷெல்லை மட்டும் நம் கையில் கொடுக்கும். 'பழுதைப் பார்த்து முடியுங்கள். அதுவரை காத்திருக்கிறேன்' என்பது போல நிற்கும்.

இந்நிலைக்குள் செல்ல இரண்டு வழிகள் உண்டு. கணினி தொடங்கும்போது கிரப் பட்டியலில் கெர்னல் வரியின் இறுதியில் 'சிஸ்டம்டி.யூனிட்=ரெஸ்க்யூ.டார்கெட்' என்று சேர்ப்பது ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் 'சிஸ்டம்சிடிஎல் ரெஸ்க்யூ' என்று கட்டளையிடுவது மற்றொன்று. கட்டளைகளை விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும். இங்கே அவற்றின் ஒலியை மட்டும் தருகிறேன்.

இதனினும் சுருங்கிய அவசர நிலை ஒன்றும் உண்டு. அதில் மூலக் கோப்பமைப்பு மட்டுமே இருக்கும்; அதுவும் பெரும்பாலும் படிப்பதற்கு மட்டுமே திறந்திருக்கும். இணைக்க வேண்டிய தட்டுப் பகுதி ஒன்று இணையாமற் போனால், கணினி தானாகவே இந்த அவசர நிலையில் வந்து விழும். வெளியேறும் விதி இரண்டுக்கும் ஒன்றே.

வெளியேறும்போது நிகழ்வது

பழுது பார்த்தாகிவிட்டது. ஷெல்லில் 'எக்சிட்' என்று அடிக்கிறோம். அல்லது கண்ட்ரோல் விசையோடு டி எழுத்தை அழுத்துகிறோம். ஷெல் முடிகிறது. உடனே சிஸ்டம்டி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, வழக்கமான சேவைகளையெல்லாம் தொடங்குகிறது. 'சிஸ்டம்சிடிஎல் டிஃபால்ட்' என்று கட்டளையிட்டாலும் இதுவே நடக்கும்.

இங்கேதான் நம் கேள்வி எழுகிறது. அந்த ஷெல்லுக்குள் நாம் தொடங்கிப் பின்னணியில் ஓடவிட்ட பிராசஸ்கள் என்னவாகும்? ஷெல் முடிந்ததால் அவையும் முடிந்துவிடும் என்றே பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று.

சிஸ்டம்டி ஒவ்வொரு சேவைக்கும் ஒரு கட்டுப்பாட்டுக் குழுவை வகுத்துவைக்கிறது. கெர்னல் தரும் வசதி இது. ஒரு பிராசஸ் எந்தக் குழுவில் பிறந்ததோ, அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தக் குழுவிலேயே இருக்கும். பெற்றவர் மறைந்தாலும் குழு மாறாது. வழக்கமான ஒரு சேவையை நிறுத்தும்போது, அந்தக் குழுவிலுள்ள அனைவருக்கும் 'முடித்துக்கொள்' என்னும் சிக்னல் போகும். அதன் எண் 15. குறித்த நேரத்திற்குள், வழக்கமாக 90 விநாடிக்குள், முடிக்காதவர்களைக் கெர்னலே முடித்துவிடும். அந்தச் சிக்னலின் எண் 9.

மீட்பு நிலை ஷெல்லும் சிஸ்டம்டியின் பார்வையில் ஒரு சேவைதான், 'ரெஸ்க்யூ.சர்வீஸ்' என்பது அதன் பெயர். ஆனால் அதற்கு விதி வேறு. அதன் அமைப்புக் கோப்பில் 'கில்மோடு=பிராசஸ்' என்று எழுதியிருக்கும். தலைமைப் பிராசஸை மட்டும் முடி, குழுவிலுள்ள மற்றவர்களைத் தொடாதே என்பது அதன் பொருள். பாஷ் ஷெல்லின் பழக்கம் ஒன்றும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. நாம் வெளியேறும்போது, பின்னணியில் ஓடுபவற்றை நிறுத்தச் சொல்லி அது சிக்னல் அனுப்புவதில்லை. அப்படி அனுப்பச் செய்யும் விருப்பம் ஒன்று இருக்கிறது, ஆனால் இயல்பாக அது அணைந்தே இருக்கும். ஆகவே ஷெல் போய்விடும்; பின்னணியில் ஓடியவை அப்படியே நிற்கும்.

ஏன் இப்படி ஒரு விதி என்று கேட்கலாம். வழக்கமான சேவை என்ன செய்யும் என்பது முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. ஷெல்லில் உட்காரும் மனிதன் எதைத் தொடங்கினான், எதற்காகத் தொடங்கினான் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. அவன் வேண்டுமென்றே ஒன்றை ஓடவிட்டுச் சென்றிருக்கலாம். அதை வெட்டிவிட்டால் பெருந்தீங்கு நேரலாம். இதே விதியை வேறோரிடத்திலும் காணலாம். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவைக்கு, டெபியன் போன்ற லினக்ஸ்களில் இதே 'கில்மோடு=பிராசஸ்' உண்டு. அதனால்தான் அந்தச் சேவையை மறுபடி தொடங்கினாலும், ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் தொடர்பு அறுவதில்லை. இயந்திரம் காட்டும் இந்தத் தயக்கம் நல்லதுதான். ஆனால் அதனால் வரும் பொறுப்பு நம்முடையது.

தாராவியில் ஒரு படிப்பகம்

இந்தப் பொறுப்பை மறந்தால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் கண்டேன். தாராவியில் ஒரு மாலைப் படிப்பகம் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே வந்து பாடம் படிக்கிறார்கள். யாரோ கொடுத்த பழைய கணினி ஒன்று அங்குண்டு. எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் எவ்வளவு முன்னேறியிருக்கிறது, யாருக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட உதவி வேண்டும், யார் எந்தப் புத்தகத்தை எடுத்துச் சென்றிருக்கிறார் என்னும் விவரமெல்லாம் அதில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருந்தன. வேறு நகல் இல்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் மின்சாரம் போய்ப் போய் வந்தது. கணினி ஒழுங்காகத் தொடங்கவில்லை. செம்பூரில் வசிக்கும் நண்பர் ஒருவர் அதனை மீட்பு நிலைக்குக் கொண்டுவந்து கோப்பமைப்பைச் சரிசெய்தார். பதிவேடு பிழைத்ததா என்று அறிய, தரவுத்தளத்தைக் கையாலேயே தொடங்கிப் பார்த்தார். பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. மகிழ்ச்சியோடு 'எக்சிட்' அடித்தார்.

கணினி முழுவதும் எழுந்தது. ஆனால் தரவுத்தளச் சேவை மட்டும் தோல்வியுற்றதாகச் செய்தி வந்தது. பூட்டுக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, வேறொரு தலைமைப் பிராசஸ் ஓடுகிறதா என்று கேட்டு, ஓர் எண்ணையும் அது காட்டியது. படிப்பகத்தை நடத்தும் அண்ணாச்சி பதறிப்போனார்.

"தம்பி, பிள்ளைங்க கணக்கு எல்லாம் போயிருச்சா?"

"போகவில்லை அண்ணாச்சி. பத்திரமாக இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்."

அதற்குள் அருகிலிருந்த இன்னொருவர், "பூட்டுக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும்" என்றார். எங்கோ கேட்ட பேச்சு. இந்த இடந்தான் ஆபத்தான இடம். அந்தப் பூட்டுக் கோப்பு வேண்டாத குப்பையன்று, அது வாயிற்காவலன். ஒரே தரவுக் கோப்புகளில் இரண்டு தரவுத்தளக் கூட்டங்கள் ஒன்றையொன்று அறியாமல் எழுதத் தொடங்கினால் தரவு சிதைந்துவிடும். அதைத் தடுக்கவே அந்தக் கோப்பு இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் வேறு காவல்களும் உண்டு என்றாலும், ஒரு காவலனை நாமே அடித்து விரட்டிவிட்டு மற்றக் காவலர்களை நம்பியிருப்பது அறிவுடைமை ஆகாது.

நாங்கள் கோப்பைத் தொடவில்லை. செய்தி காட்டிய எண்ணைக் கொண்டு, அந்தப் பிராசஸ் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று பார்த்தோம். 'ரெஸ்க்யூ.சர்வீஸ்' குழு என்று வந்தது. நண்பர் கையால் தொடங்கிய அதே தரவுத்தளம், ஷெல் மறைந்த பின்னும் ஓடிக்கொண்டிருந்தது! தரவுத்தளத்துக்கே உரிய நிறுத்தும் கட்டளையால் அதை முறையாக நிறுத்தினோம். பூட்டுக் கோப்பு தானாகவே மறைந்தது. பிறகு சேவையைத் தொடங்கினோம், தடையின்றி எழுந்தது. அன்று மாலையே அண்ணாச்சி ஒரு பென்டிரைவ் வாங்கிவந்து, பதிவேட்டுக்கு நகல் எடுக்கச் சொன்னார்.

ஓடுகிறதே, விட்டுவிட்டால் என்ன?

சிலர் இப்படியும் கேட்பார்கள்: "கையால் தொடங்கிய தரவுத்தளம் நன்றாகத்தானே ஓடுகிறது? அதை அப்படியே விட்டுவிட்டால் என்ன?" நியாயமான கேள்விதான். விடை கூறுவேன்.

முதலாவது, அது காரியஸ்தரின் கணக்கில் இல்லாத ஆள். இடையில் அது நின்றுபோனால் மறுபடி தொடங்குவாரில்லை. சேவையை நிறுத்து என்று கட்டளையிட்டால், அந்தக் கட்டளை அதற்குப் போய்ச் சேராது. கணினியை அணைக்கும்போதும், சேவைகள் முறைப்படி நிறுத்தப்படும் வரிசையில் அது இராது. எல்லாம் முடிந்தபின் எஞ்சியவற்றை மொத்தமாக முடிக்கும் கடைசிக் கட்டத்தில்தான் அதன் முறை வரும்.

இரண்டாவது, உரிமைச் சிக்கல். மீட்பு நிலையில் நாம் ரூட். ரூட்டாக இருந்து தொடங்கும் நிரல் உண்டாக்கும் கோப்புகளும் ரூட்டுக்கே உரியவை. நாளை அதே நிரல் தனக்குரிய சாதாரணப் பயனர் பெயரில் முறையாகத் தொடங்கும்போது, அந்தக் கோப்புகளில் எழுத அதற்கு உரிமை இராது. சேவை ஏன் எழவில்லை என்று நாள் முழுவதும் தேடுவோம். காரணம் சென்ற வாரத்து மிச்சமாக இருக்கும்.

மூன்றாவது, மறைந்திருக்கும் பிடி. ஒரு பிராசஸ் ஒரு கோப்பைத் திறந்துவைத்திருக்கலாம். ஒரு கோப்பமைப்பில் கால் வைத்து நிற்கலாம். ஒரு வலைவாயிலைப் பிடித்திருக்கலாம். அதே வாயிலை நாடிவரும் முறையான சேவை, இடமில்லை என்று திரும்பிப் போகும்.

சிஸ்டம்டி இதைப் பற்றி மௌனமாக இருப்பதில்லை. ஒரு சேவை நின்ற பின்னும் அதன் குழுவில் பிராசஸ் ஓடினால், இன்ன எண்ணுள்ள பிராசஸ் இன்னும் ஓடுகிறது என்று புதிய பதிப்புகள் பதிவேட்டில் எழுதுகின்றன. அதே சேவையை மறுபடி தொடங்கும்போது, குழுவில் பழைய மிச்சம் இருக்கிறது, அதைக் கண்டுகொள்ளாமல் மேலே செல்கிறேன் என்றும் எழுதும். எச்சரிப்பதோடு அதன் கடமை முடிந்தது. படித்துப் பார்த்துச் செயல்பட வேண்டியவர் நாம்.

புறப்படும் முன் செய்யத்தக்கவை

'எக்சிட்' என்று அடிப்பதற்கு முன் இரண்டு நிமிடம் போதும்.

முதலில் 'ஜாப்ஸ்' என்று அடியுங்கள். அந்த ஷெல்லிலிருந்து பின்னணிக்கு அனுப்பியவையும், நிறுத்திவைத்தவையும் தெரியும். ஆனால் இதோடு நின்றுவிடக் கூடாது. தரவுத்தளம் போன்ற நிரல்கள் தொடங்கியதும் ஷெல்லிலிருந்து தம்மைத் துண்டித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடும். அவை இந்தப் பட்டியலில் வாரா.

ஆகவே அடுத்து, 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் ரெஸ்க்யூ.சர்வீஸ்' என்று கேளுங்கள். அவசர நிலையானால் ரெஸ்க்யூவுக்குப் பதில் 'எமர்ஜென்சி' என்று கேட்க வேண்டும். துண்டித்துக்கொண்டு போனவையும் குழுவை விட்டுப் போக முடியாதாகையால், எல்லாம் அங்கே மரம்போல விரிந்து தெரியும். ஷெல்லையும், இப்போது அடித்த கட்டளையையும் தவிர வேறு எது தெரிந்தாலும், இது என்ன, யார் தொடங்கியது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வேண்டாதவற்றை முடியுங்கள். இதிலும் ஒரு வரிசை உண்டு. நிரலுக்கு என்று சொந்தமாக நிறுத்தும் கட்டளை இருந்தால் அதையே முதலில் பயன்படுத்துங்கள். இல்லையேல் 'கில்' கட்டளையால் 15ஆம் சிக்னலை அனுப்புங்கள். கோப்புகளை எழுதி மூடிக்கொள்ள அதற்குச் சற்று நேரம் கொடுங்கள். உள்ளே திறந்துவிட்ட இன்னொரு பாஷ் ஷெல், விசைப்பலகையோடு உரையாடும் நிலையில் 15ஆம் சிக்னலைப் பொருட்படுத்தாது. 'தொடர்பு அறுந்தது' என்னும் 1ஆம் சிக்னலுக்கே அது பணியும். 9ஆம் சிக்னல் கடைசி வழி. அதைப் பெறும் பிராசஸுக்கு எதையும் எழுதி முடிக்க ஒரு நொடியும் கிடைக்காது. எடுத்த எடுப்பில் 9 என்று அடிப்பது சிலருக்கு வீரமாகத் தோன்றுகிறது. தரவுத்தளத்தின்மேல் அந்த வீரத்தைக் காட்டலாகாது.

இரண்டு வகைப் பிராசஸ்கள் 9ஆம் சிக்னலுக்கும் அசையமாட்டா. ஒன்று, தட்டின் விடைக்காகக் கெர்னலுக்குள் காத்துக்கிடப்பது. பட்டியலில் டி என்னும் எழுத்து அதற்கு அடையாளம். அது நிலைத்து நின்றால் தட்டிலோ கம்பியிலோ பழுது இன்னும் இருக்கிறது என்று ஐயுற வேண்டும். மற்றொன்று ஜோம்பி. அது ஏற்கெனவே இறந்துவிட்டது. அதன் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கிறது. செத்த பாம்பை அடிக்க வேண்டியதில்லை.

நான்காவது, கையால் இணைத்த கோப்பமைப்புகளைக் கையாலேயே பிரித்துவிடுங்கள். 'பயன்பாட்டில் இருக்கிறது' என்று மறுத்தால், நீங்களே அந்த அடைவுக்குள் நின்றுகொண்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பல வேளைகளில் குற்றவாளி நம் ஷெல்தான்!

இத்தனையும் செய்து, பட்டியலில் ஷெல் மட்டுமே மிஞ்சியபின் 'எக்சிட்' அடிக்கலாம். எழுந்த கணினியில், தோல்வியுற்ற சேவை ஏதும் உண்டா என்று 'சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு' எனக் கேட்டுப் பாருங்கள்.

ஐயம் இருந்தால்?

எது எதைத் தொடங்கியது என்று விளங்கவில்லையா? வேறொருவர் விட்டுச்சென்ற மீட்பு நிலையை நீங்கள் முடித்துவைக்க வேண்டியிருக்கிறதா? அப்போது 'எக்சிட்' வேண்டாம். தரவுத்தளம் ஓடினால் அதை முறையாக நிறுத்திவிட்டு, 'ரீபூட்' செய்யுங்கள். கணினி அணையுமுன், எஞ்சிய எல்லாப் பிராசஸ்களுக்கும் 15ஆம் சிக்னலும், பணியாதவற்றுக்கு 9ஆம் சிக்னலும் போகும், கோப்பமைப்புகள் பிரிக்கப்படும். அடுத்த முறை எழும்போது பழைய பிராசஸ் ஒன்றும் இராது. பழுது உண்மையிலேயே சரியானதா என்பதற்கும் அதுவே சோதனை. கையால் செய்த திருத்தத்தின் துணையோடு ஒருமுறை எழுந்த கணினி, யாரும் அருகில் இல்லாத இரவில் தானாக எழுமா என்பது அப்போதுதான் தெரியும்.

மாணவத் தோழர்களே! நம்மிடம் ஒப்படைக்கப்படும் கணினிகள் பெரும்பாலும் பழையவை. அவற்றுள் இருக்கும் கணக்குகளோ பிறருடையவை. ஒரு பிள்ளையின் கட்டண உதவி விண்ணப்பமோ, ஒரு நண்பரின் ஆய்வுக் கணக்கோ அதில் இருக்கும். பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டவர்கள், பார்த்து முடித்ததும் கை வைத்த இடத்தை எல்லாம் ஒருமுறை திரும்பிப் பார்க்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த முறை மீட்பு நிலைக்குள் போகும்போது ஒரு தாளையும் பென்சிலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கையால் தொடங்கும் ஒவ்வொன்றையும் அதில் எழுதுங்கள், நிறுத்தியதும் அடித்துவிடுங்கள். தாளில் அடிக்கப்படாத வரி ஒன்று இருக்கும்வரை 'எக்சிட்' அடிக்காதீர்கள்.